இராவணன் வெட்டின் வானமும் 255 என்ற எண்ணும்

தங்கச்சியின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு ஒரு பழைய லப்டொப் வாங்கினான். 4 ஜிபி நினைவகம். அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு மேலே நின்று, கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்புவதைப் போனில் படம் எடுத்து வந்தான். படத்தில் வானம் ஒரே வெள்ளை. பாறை ஒரே கறுப்பு.

"மாமா, இதைச் சரிப்படுத்த எந்த சொஃப்ட்வெயர் போடட்டும்? பெடியள் எல்லாரும் போட்டோஷொப்தான் போடச் சொல்லுறாங்கள்."

உடனே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பதில் சொல்ல மனம் வரவில்லை. பிரவுசரிலேயே இயங்கும் ஒரு செயலியில் படத்தைத் திறந்து, நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவியைப் பாறையின் மேல் வைத்தோம். சிவப்பு 12, பச்சை 14, நீலம் 17 என்று வந்தது. பக்கத்துப் புள்ளியில் 15, 16, 18. அதற்கு அடுத்ததில் 11, 13, 17. பிறகு சூரியனைச் சுற்றியிருந்த வானத்துக்கு நகர்த்தினோம். 255, 255, 255. பக்கத்திலும் 255, 255, 255. விரலை எங்கே நகர்த்தினாலும் அதே எண்தான்.

டிஜிட்டல் படம் என்பது இந்த எண்கள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். சாதாரண ஜேபெக் (JPEG) படத்தில் ஒவ்வோர் எண்ணும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். திருத்தும் மென்பொருள் எதுவாக இருந்தாலும், விலை எவ்வளவாக இருந்தாலும், அது செய்வது இந்த எண்களின் மேல் கணக்குப் போடுவதுதான். பாறையில் எண்கள் சின்னவை என்றாலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கிறது. அவற்றைப் பெருக்கினால் பாறையின் வெடிப்பும் மடிப்பும் வெளியே வரும். வானத்தில் வித்தியாசமே இல்லை. 255ஐ எதால் வகுத்தாலும் எல்லாப் புள்ளியும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் மாறும். அங்கே இருந்த மஞ்சளும் செம்மையும் கமராவுக்குள்ளேயே நிரம்பி வழிந்து போய்விட்டன. செயற்கை நுண்ணறிவு வைத்த செயலிகள் அந்த இடத்தில் ஒரு வானத்தை வரைந்து தரும். அது வேறு ஏதோ ஒரு காலையின் வானம், அவன் நின்று பார்த்த வானம் இல்லை.

"அப்போ போட்டோஷொப் போட்டாலும் வராதா?" என்றான். வராது. பெரிய மென்பொருளைப் போட்டால் கெட்ட படமும் நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் புதிதாகத் தொடங்கும் பலர் வருகிறார்கள். படம் எடுத்த நேரத்தில் பதிவாகாத எண்ணை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பதிவான எண்ணை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரு தாளை எடுத்து 100, 101 என்று இரண்டு எண்களை எழுதினேன். வானத்தில் அடுத்தடுத்து உள்ள இரண்டு நீலங்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தைப் பாதியாக இருட்டாக்கினால் 50, 50.5. ஆனால் 8 பிட்டில் அரைக்கு இடமில்லை, முழு எண்தான் இருக்க முடியும். ஆகவே 50, 50 என்றாகிவிடுகிறது. 'ஐயோ, இருட்டாகிவிட்டதே' என்று மறுபடி இரட்டிப்பாக்கினால் 100, 100. இரண்டு நீலமாக இருந்தது ஒன்றாகிவிட்டது. படம் முழுக்க இதே நடந்தால் 256 படிகள் 128 ஆகிவிடும். மாலை வானம் மெல்ல மெல்ல நிறம் மாறாமல், பட்டை பட்டையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இப்படித் தொலைந்த படிகள்தான் காரணம்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணக்கை இன்னும் நுணுக்கமான எண்களில் போடுவது. 16 பிட்டிலோ 32 பிட் தசமத்திலோ கணக்கிட்டால் அந்த 50.5 அப்படியே இருக்கும். இன்னொன்று, மூலப்படத்தைத் தொடாமல், 'முதலில் பாதியாக்கு, பிறகு இரட்டிப்பாக்கு' என்று செய்முறையை மட்டும் எழுதி வைப்பது. குழம்பு வைப்பதற்குப் பதிலாகக் குறிப்பை மட்டும் எழுதி வைத்தால், உப்பு கூடிப்போனாலும் குறிப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ரோதெரபி, காசுக்குக் கிடைக்கும் லைட்ரூம் எல்லாம் இந்த வகை. படத்துக்குப் பக்கத்தில் சில கிலோபைட்டில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும், அல்லது மென்பொருளின் பட்டியலுக்குள் குறிப்பு இருக்கும். மூலப்படம் எடுத்த நாளில் இருந்தபடியே கிடக்கும்.

போட்டோஷொப்பின் கதை கொஞ்சம் வேறு. தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கியது அது. முதல் பதிப்பு 1990இல் வந்தது. அப்போது லெயர் என்ற ஒன்றே கிடையாது. எதை ஒட்டினாலும் கீழே உள்ள பிக்சல் போய்விடும். 1994இல் வந்த மூன்றாவது பதிப்பில்தான் லெயர் வந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, மேலே எழுத்து, நடுவில் சுவாமி சிலை, கீழே கடல். எதையும் தனியாக நகர்த்தலாம். திருவிழா நோட்டீஸ், பிறந்தநாள் பதாகை, இரண்டு படங்களை ஒட்டுவது என்றால் இந்த வகை மென்பொருள்தான் தேவை. 1990களின் நடுவில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய கிம்ப் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. 2018இல் வந்த பதிப்பிலிருந்து அது 32 பிட் கணக்குப் போடுகிறது. 2025இல் வந்த மூன்றாம் பதிப்பில் பல திருத்தங்களைச் செய்முறையாகவே வைத்துப் பிறகு மாற்றும் வசதியும் வந்துவிட்டது.

மூலப்படம் போனால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அம்மம்மா நிலாவெளிக் கடற்கரையில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்ப அதை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். அவர் காலமானபோது அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடிக்கக் கொண்டுபோனோம். ஸ்டூடியோக்கார அண்ணா திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள படம் இல்லையே" என்றார். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால்தான் அச்சு தெளிவாக இருக்கும். 800ஐ 300ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்று அங்குலம்கூட வராது. 12க்கு 18 அங்குலச் சட்டத்துக்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வீட்டில் மாலை போட்டிருக்கும் படத்தில் இன்றைக்கும் அம்மம்மாவின் முகம் மங்கலாகத்தான் இருக்கிறது. நான் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் மூலப்படத்திலிருந்து தொடங்குவது அதனால்தான்.

ஜேபெக்கைப் பற்றியும் கொஞ்சம். 12 மெகாபிக்சல், அதாவது ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ள படத்தில் 3 கோடியே 60 இலட்சம் எண்கள். எண் ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் 36 மெகாபைட். போனில் அது பெரும்பாலும் நாலைந்து மெகாபைட்தான் இருக்கும். எப்படி? நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அந்தளவுக்குப் பிடிக்காது. அதனால் நிறத் தகவலை முதலில் ஐதாக்கிவிடுகிறார்கள். பிறகு படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய அசைவுகளைச் சொல்லும் எண்களை மட்டந்தட்டிச் சுருக்குகிறார்கள். திருத்தி, வெட்டி, திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் மறுபடி மட்டந்தட்டல். கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி அழுக்குப்போலப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னொரு தடவை நசுங்கும். யாரிடமாவது படம் வாங்கித் திருத்துவதென்றால் டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தச் சுருக்கம் எதுவும் படாத கோப்புதான் ரோ (RAW). இங்கே ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் உணரியில் (சென்சர்) ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மற்ற இரண்டு நிறங்களும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்தவை. ஆக, நாம் பார்க்கும் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் அளந்தவை அல்ல, ஊகித்தவை! அந்த ஊகத்தைப் போன் தன் போக்கில் செய்து ஜேபெக்காகத் தருகிறது. ரோ கோப்பில் அளந்த எண் அப்படியே இருக்கும். அதுவும் 12 பிட் என்றால் 4096 படி, 14 பிட் என்றால் 16384 படி.

இது எங்கே உதவும் என்று கேட்டால் நான் புறாத்தீவைத்தான் சொல்வேன். நிலாவெளியிலிருந்து படகில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறையைப் பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு நிறம். எடுத்த படத்தைப் பார்த்தால் எல்லாம் பச்சையும் நீலமுமாக இருக்கும். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தைத்தான் வேகமாக உறிஞ்சுகிறது. ஐந்து மீற்றர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். வெளிச்சம் மேலிருந்து மீன் வரைக்கும் வரவேண்டும், மீனிலிருந்து கமரா வரைக்கும் போகவேண்டும், அந்த முழுத் தூரமும் கணக்கு. அதனால் படத்தின் சிவப்பு எண்கள் 10, 20 என்று அடியில் கிடக்கும். நிறம் திரும்ப வர அவற்றை ஐந்து, ஆறு மடங்கு பெருக்க வேண்டும். 8 பிட்டில் 10க்கும் 20க்கும் இடையே உள்ளது பத்துப் படிதான். பெருக்கினால் மீனின் உடம்பில் திட்டுத் திட்டாக வரும். ரோவில் அதே இடத்தில் பல மடங்கு படிகள் இருப்பதால் தாங்கும். கடலுக்கடியில் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் ரோ திறக்கும் மென்பொருளைத்தான் எடுக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் தமிழ். இது நம்மவர்கள் மறந்துவிடும் சோதனை. மென்பொருளைத் திறந்ததும் எழுத்துக் கருவியை எடுத்து, யூனிகோட்டில் 'திருகோணமலை' என்று தட்டிப் பாருங்கள். 'கோ'வில் ஓகாரக் குறி ககரத்துக்கு முன்னாலும் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். 'லை'யில் ஐகாரக் குறி லகரத்தைத் தாண்டி முன்னால் வர வேண்டும். எழுத்துகளை இப்படி இடம் மாற்றி அடுக்க மென்பொருளுக்குள் தனியாக ஒரு பொறி வேண்டும். அது இல்லாவிட்டால் குறிகள் தனித்தனியாக உடைந்து கிடக்கும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை நாமே தேடி இயக்க வேண்டியிருந்தது. நோட்டீஸ் அடிப்பவர்கள் பலர் இன்னும் யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிம்ப்பில் நான் தட்டிய தமிழ் ஒழுங்காகவே வந்திருக்கிறது.

லப்டொப்பின் பலத்தையும் பார்க்க வேண்டும். 12 மெகாபிக்சல் லெயர் ஒன்று, ஒளிபுகும் அளவைச் சொல்லும் நான்காவது எண்ணோடு சேர்த்து, 48 மெகாபைட். பத்து லெயர் என்றால் 480. அதையே 16 பிட்டில் வைத்தால் 960. 4 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் தின்றது போக மிச்சம் கொஞ்சம்தான். பென் டிரைவில் சுற்றும் கிராக் பதிப்பை மட்டும் போடவேண்டாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ் நம் படங்களிலும் கைவைக்கலாம். காசு இல்லை என்றால் இலவசமானதே தாராளமாகக் கிடைக்கிறது.

சரி, அவனுக்கு என்ன சொன்னேன்? முதல் மாதம் போனில் ஸ்னாப்சீட் மட்டும். அது இலவசம். செய்த திருத்தங்களை வரிசையாக வைத்திருக்கும். பின்னால் போய் ஒவ்வொன்றையும் மாற்றலாம். ரோ கோப்பையும் திறக்கும். வெளிச்சம், நிழல், வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிப்படுத்துவது) மூன்றும் கைக்கு வந்த பிறகு லப்டொப்பில் ரோதெரபி. கோயில் நோட்டீஸ் செய்யக் கேட்டு யாராவது வந்தால் கிம்ப். அவசரத்துக்கு, போட்டோஷொப் கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்க, பிரவுசரில் போட்டோபீ. அது படத்தை எங்கேயும் ஏற்றி அனுப்பாமல் நம் கணினியிலேயே கணக்குப் போடுவதால் டேட்டாவும் அதிகம் போகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் ஒன்றையும் பழக மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனான். போனின் கமராவில் ரோவைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து, வானம் வெளுக்காத அளவுக்கு வைத்து எடுத்தான். திரையில் பார்த்தபோது படம் முழுக்க இருட்டு. அவன் முகமும் கொஞ்சம் வாடியிருந்தது. வானத்தில் கருவியை வைத்தோம். 231, 164, 98. பக்கத்தில் 229, 161, 97. சூரியனின் நடுவட்டத்தைத் தவிர வேறெங்கும் 255 இல்லை. பிறகு நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினான். கறுப்பாகக் கிடந்த பாறையில் கோடுகள் தெரிந்தன, ஓரத்து மரம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உயர்த்தி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க பாருங்கோ" என்றான். பிள்ளை வரம் கேட்டு யாரோ கிளையில் கட்டிவிட்டுப் போன சின்னத் தொட்டில் ஒன்று, சிவப்புத் துணியோடு தொங்கிக்கொண்டிருந்தது.