சரவுண்டும் சூழொலியும்

ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்களில் பலர் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். தொலைக்காட்சியின் இரு புறமும் இரண்டு பெட்டிகள், வசனத்துக்காக நடுவில் ஒன்று, ஆழ்ந்த அதிர்வுக்கு மூலையில் ஒரு சப்வூஃபர். அத்துடன் கையிருப்பு கரைந்துவிடும். இருக்கைக்குப் பின்னால் வரவேண்டிய இரண்டு பெட்டிகளும் அடுத்த தீபாவளி போனஸுக்குத் தள்ளிப்போகும். அந்த இரண்டுக்கும்தான் சரவுண்ட் ஸ்பீக்கர் என்று பெயர். கடைகளில் அதையும் சுருக்கி, சரவுண்ட் என்றாலே போதும், பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்கள். ரிமோட்டிலும் அதே பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். ஸ்பீக்கர் செய்யும் தொழிலிலோ அதே சொல் முற்றிலும் வேறொரு பாகத்தைக் குறிக்கிறது; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சொல்லுக்குள் 'ரவுண்ட்' ஒளிந்திருப்பதால் வட்டம், சுற்று என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆங்கிலேயர்களே அப்படித்தான் ஏமாந்தார்கள். வேர் வேறு. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை, 'சூப்பர்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்த 'சூப்பருண்டாரே' என்ற வினைக்குக் கரைபுரளுதல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோதும் அது நீரில் மூழ்கடிப்பதைத்தான் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில், 'ரவுண்ட்' என்பதோடு ஓசை ஒத்துப்போன ஒரே காரணத்தால், சுற்றி நிற்பது என்ற பொருள் அதன்மேல் ஏறிக்கொண்டது. நாளடைவில் வெள்ளம் வடிந்து வட்டம் மட்டும் மிஞ்சியது.

இந்த வரலாறு தெரிந்தால் தமிழ்ச் சொல் தேடுவது எளிதாகிவிடுகிறது. மழைக்காலச் செய்தித்தாளைப் புரட்டினால் 'குடியிருப்புகளை வெள்ளம் சூழ்ந்தது' என்ற தலைப்பு கண்ணில் படாமல் இருக்காது. வெள்ளம் சுற்றியது என்று யாரும் எழுதுவதில்லை. சுற்றுவது நகர்ந்துகொண்டே இருப்பது: பம்பரம் சுற்றும், மின்விசிறி சுற்றும். சூழ்வது எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் வந்து நிறைவது: இருள் சூழும், மேகம் சூழும், கடல் சூழும். லத்தீன் வினையில் இருந்த அலையும் பிற்கால ஆங்கிலத்தில் ஏறிய சுற்றுப்புறமும் நம் 'சூழ்' என்ற ஓரசைக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

'சூழ்' என்பதற்கு எண்ணுதல், ஆராய்தல் என்றும் பழைய பொருள் உண்டு. 'மற்றொன்று சூழினும் தான்முந் துறும்' என்று வள்ளுவர் ஊழைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பொருள்தான். ஒரு காரியத்தை எல்லாப் பக்கமும் வளைத்து எண்ணிப் பார்ப்பது சூழ்ச்சி. இன்று அது சதிக்கு மட்டுமே பெயராகிப்போனது பாவம்தான்.

சரவுண்ட் சவுண்ட் என்பதற்குச் 'சுற்றொலி', 'சூழல் ஒலி', 'சூழொலி' என்று மூன்று வடிவங்கள் நினைவுக்கு வரலாம். முதலாவது, மேலே சொன்ன வட்ட மயக்கத்தில் பிறப்பது. அறைக்குள் ஒலி ராட்டினம் ஆடுவதுபோல் ஒரு எண்ணத்தைத் தரும். இரண்டாவது பிழையான சொல் அன்று, ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது: ஒரு தெருவிலோ காட்டிலோ இயல்பாக எழும் பின்னணி ஓசைகளுக்கு அதை விட்டுவைக்கவேண்டும். மூன்றாவதே என் தேர்வு. சூழொலி வினைத்தொகை. சூழ்ந்த ஒலி, சூழ்கின்ற ஒலி, சூழும் ஒலி என மூன்று காலத்துக்கும் விரியும். சூழ்நிலை, ஆழ்கடல் என்று பழகிய நாவுக்கு இதில் இடறல் இல்லை.

ஸ்பீக்கரில்தான் சிக்கல். 'ஒலிபெருக்கி' என்ற சொல் கோயில் திருவிழாக் கம்பத்திலும் தேர்தல் ஆட்டோவிலும் பிறந்து வளர்ந்தது. உண்மையில் பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் மின்னலைவை காற்றசைவாக மாற்றுகிறது, அவ்வளவுதான். இதைக் காரணம் காட்டி 'ஒலிப்பான்' என்று மாற்றலாமே என்றால், அந்தச் சொல்லைப் பேருந்தின் ஹாரன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஊன்றிப்போன ஒலிபெருக்கியே இருக்கட்டும். சரவுண்ட் ஸ்பீக்கர் 'சூழொலிபெருக்கி' ஆகும். நடுவில் 'ப்' போடவேண்டாம். 'சூழொலிப் பெருக்கி' என்று எழுதினால் சூழொலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் என்று பொருள் மாறிவிடும். கடைக்குப் போகும்போது சரவுண்ட் ஸ்பீக்கர் என்றே கேளுங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை. தனித்தனியாக வரும் ஒலிப் பாதையான சேனல் என்பதற்குத் 'தடம்' பொருந்தும். தொலைக்காட்சி அலைவரிசையை இங்கே இழுத்து வருவதுதான் குழப்பம்.

சூழொலி முதலில் வந்தது திரையரங்குக்கு. 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபான்டேசியா' நியூயார்க்கில் வெளியானபோது, ஃபான்டசவுண்ட் என்ற ஏற்பாட்டில் அரங்கின் சுவர்ப் பக்கங்களிலிருந்தும் இசை வந்தது. கருவிகளின் விலையும் அவற்றைப் பொருத்தும் சிரமமும் காரணமாக அது சில அரங்குகளைத் தாண்டவில்லை. 1970களில் டால்பி நிறுவனத்தின் டால்பி ஸ்டீரியோ வந்த பிறகே சூழொலி பரவலானது. வீட்டுக்கு 1982இல் டால்பி சரவுண்ட், 1987இல் டால்பி புரோ லாஜிக். '5.1' என்ற பெயரைச் சூட்டியவர் அமெரிக்க ஒலிப் பொறியாளர் டாம்லின்சன் ஹோல்மன். முழு வீச்சுள்ள ஐந்து தடங்கள், ஆழ்ந்த அதிர்வுக்கு மட்டும் ஒரு குறுந்தடம். அந்தக் குறுந்தடம் ஒலி வீச்சில் மிகச் சிறு பகுதியை மட்டும் சுமப்பதால் அதை முழு எண்ணாகக் கருதாமல் புள்ளி ஒன்று ஆக்கினார்.

புரோ லாஜிக்கில் பின்பக்கத்துக்கு ஒரே தடம்தான். பெட்டி இரண்டு இருந்தாலும் இரண்டிலும் ஒரே ஒலி, அதுவும் 7,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு) மேலுள்ள கீச்சொலி வெட்டப்பட்ட ஒலி. அதற்கு எந்தக் குட்டிப் பெட்டியும் போதும். 'சரவுண்டுக்கு எதை மாட்டினால் என்ன' என்ற கடைப்பேச்சு அந்தக் காலத்தின் மிச்சம். 1992இல் திரையரங்குக்கு வந்து பிறகு வீட்டுக்குள் நுழைந்த டால்பி டிஜிட்டலில் இடது, வலது பின்தடங்கள் தனித்தனி; இரண்டும் முழு வீச்சுள்ளவை. எனவே எதையாவது மாட்டுவது இப்போது செல்லாது. ஆனாலும் சிறிய பெட்டி போதும் என்ற முடிவு மட்டும் வேறொரு காரணத்தால் இன்றும் சரி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுகொள்ளாது. அந்தப் பகுதியை, எல்லாப் பெட்டிகளையும் இயக்கும் கருவியான ரிசீவர் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். மிச்சத்தைச் சுமக்க நான்கு அங்குலக் கூம்பு உள்ள சிறு பெட்டி தாராளம்.

அப்படியானால் செலவை எங்கே சுருக்கலாம்? படத்தில் வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டியில் வருகிறது. பின்பெட்டிகளில் வருவது மழை, கைத்தட்டல், தொலைவில் நாய் குரைப்பது, எப்போதாவது தலைக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டர். சூழ்வதுதான் அவற்றின் வேலை. பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது என்று படம் முழுக்க உணர்ந்துகொண்டே இருந்தால் ஏதோ தவறு. அதனால் பணத்தை முன்பக்கத்து மூன்றுக்கும் கொடுத்துவிட்டு, பின்னால் அதே நிறுவனத்தின் அதே வரிசையில் உள்ள மிகச் சிறிய ஜோடியை வாங்குவதே என் ஆலோசனை. குரல்வாகு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் இதன் காரணம். கார் ஒன்று திரையிலிருந்து பின்பக்கம் பாயும்போது நடுவழியில் அதன் எஞ்சின் ஓசை மாறினால் மாயம் கலைந்துவிடும். இன்னும் மலிவான வழியும் உண்டு: முன்பக்கத்துக்குப் புதியதாக ஒரு ஜோடி வாங்கும்போது பழையதைப் பின்னால் தள்ளிவிடலாம். குரல்வாகு சற்று மாறும்தான், ஆனால் செலவு வெறும் வயருக்கு மட்டுமே.

வாங்குமுன் ரிசீவரின் பின்புறத்தில் எத்தனை ஓம் (மின்தடை அளவு; பெட்டியில் இது குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும்) வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 6 ஓம் என்று இருந்தால் 4 ஓம் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பாயவேண்டாம். வாட் கணக்கைப் பொறுத்தவரை, அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிய உச்ச அளவு) போட்டிருந்தால் அதைக் கடந்து ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் உண்மையான அளவு) எவ்வளவு என்று தேடவேண்டும். பிஎம்பிஓ எண்ணை நம்புவதும் கிளி ஜோசியத்தை நம்புவதும் ஒன்றுதான்.

ஒரே அட்டையில் ஐந்து குட்டிப் பெட்டிகளும் ஒரு வூஃபருமாக வரும் மலிவு ஹோம் தியேட்டர்களில் இன்னொரு கண்கட்டு. பெட்டி ஐந்து என்பதால் சூழொலி ஆகிவிடாது. ப்ளூடூத்தும் ஆக்ஸ் வயர் துளையும் மட்டுமே உள்ள பெட்டிக்குப் போய்ச் சேர்வது இரண்டு தடங்கள்தான். அதையே ஐந்தாக நகலெடுத்துத் தருகிறார்கள். தொலைக்காட்சியின் ஒலியை வாங்கிக்கொள்ள எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிகல் நுழைவாயிலும், உள்ளே டால்பி டிஜிட்டலைப் பிரிக்கும் வசதியும் இருந்தால்தான் அது பெயருக்கேற்ற பொருள். அவை இருந்தும் பின்பெட்டி ஊமையாக இருந்தால் தொலைக்காட்சியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். பிசிஎம் (தொலைக்காட்சியே பிரித்து, பெரும்பாலும் இரண்டு தடமாக அனுப்புவது) என்று இருப்பதை பிட்ஸ்ட்ரீம் (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) ஆக்கியதும் பலருக்கு உயிர் வந்துவிடும்.

வைக்கும் இடம் பற்றிச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று உண்டு. திரையை நேரே பார்த்து அமர்ந்தால், அந்தத் திசையிலிருந்து இரு புறமும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்குச் சற்றே பின்தள்ளி. நம் கூடங்களில் சோபா பெரும்பாலும் பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. அப்போது பெட்டிகளைப் பின்சுவரில், பிடரிக்குப் பக்கத்தில் மாட்டாமல் பக்கச் சுவர்களுக்குக் கொண்டுபோங்கள். உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு ஓரடி, இரண்டடி மேலே இருந்தால் ஒருவருக்கு மட்டும் காதில் இரையாது. வயருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். பெயர்பெற்ற கேபிள்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு திரைச்சீலை வாங்கினால் மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையும் எழுப்பும் எதிரொலி குறையும். வயரில்லாத ஜோடி என்று விற்பதற்கும் மின்சார பிளக் பாயிண்ட் வேண்டும் என்பதை விற்பவர் தாமாகச் சொல்லமாட்டார்.

பெட்டியில் சிவப்பு, கறுப்பு முனைகளின் அடையாளம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். இரண்டு வயர்களையும் பேட்டரியின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் நேர்முனையைத் தொட்ட வயர்தான் சிவப்பு. ஜோடியில் ஒன்று மட்டும் மாறிப்போனால் மழை சூழாது. எங்கிருந்து பெய்கிறது என்றே தெரியாமல் தலைக்குள் குழம்பும்.

இனி அந்த இன்னொரு சரவுண்ட். ஸ்பீக்கர் கூம்பின் வெளியோரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் நெகிழ்வான வளையத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். இது கூம்பைச் சுற்றித்தான் நிற்கிறது, எனவே 'சூழ்' இங்கே வேண்டாம். 'கூம்பு விளிம்பு' என்றால் தெளிவு. பழைய பெட்டிகளை மலிவாக வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். விளிம்பு ரப்பராக இருந்தால் நெடுங்காலம் உழைக்கும். ஃபோமாக இருந்தால், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உளுத்துவிடும். முன்மூடியைக் கழற்றி விரல்நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்காக உடனே எழுந்து வந்துவிடவேண்டாம். விளிம்பை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். கூம்பை இரு பக்கமும் சமமாகப் பிடித்து உள்ளே அழுத்தும்போது கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது. அதைச் சரிசெய்யும் செலவில் புதியதாகவே ஒரு ஜோடி வாங்கிவிடலாம்.