பியர் ரிவியூ: "சக" என்றால் சமமா?

"மாணவர் ஆதரவுத் திட்டத்தின் சக மதிப்பாய்வை நமது கல்லூரி நடத்துகிறது." கல்லூரிச் சுற்றறிக்கைகளில் இந்த மாதிரி வரிகள் அலுக்கும் அளவுக்கு வந்துவிட்டன. ஒருவரின் வேலையை அதே துறையில் அவருக்கு நிகரானவர்கள் வந்து மதிப்பிடுவது பியர் ரிவியூ. அதைத்தான் இப்படிச் சொல்கிறார்களாம். இதையே "சக மாணவர் ஆய்வு" என்று போடுகிறவர்களும் உண்டு. பக்கத்து பெஞ்சுக்காரன்தான் வந்து மதிப்பெண் போடப்போகிறான் என்று ஒரு மாணவர் நினைத்தால் அது அவர் குற்றமில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் 'பார்' என்றால் சமம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பியர்' ஆயிற்று. நிகரானோரின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் ஒருவனைச் சிறைப்படுத்தக் கூடாது என்று 1215-இல் மாக்னா கார்ட்டா சொன்னதும் இந்தப் பொருளில்தான். உற்றுப் பார்ப்பதைக் குறிக்கும் 'பியர்' வேறு சொல்.

சரி, 'சக' என்ன சொல்கிறது? வடமொழி 'ஸஹ', அதாவது 'கூட'. சக பயணி என்றால் அதே பேருந்தில் வருகிறவர். அவர் எனக்குச் சமமா, மேலா, கீழா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை. இலங்கையில் வழங்கும் சகபாடியும் கூடப் படிப்பவர்தான். வகுப்புத் தோழரைக் குறிக்க அருமையான சொல். ஆனால் கல்லூரிகளில் பியர் என்ற பேச்சு ஊறியது, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் 'பியர் டீம்' வழியாக. அந்தக் குழுவில் வருகிறவர்கள் வெளியூர்ப் பேராசிரியர்கள், துணைவேந்தர்கள். கூட வேலை பார்ப்பவர்கள் இல்லை என்பதால்தான் அவர்களை அழைப்பதே. 'கூட' என்ற பொருள் இங்கே பொருந்தாதது மட்டுமில்லை, நேர் எதிரானது.

'வல்லுநர் ஆய்வு' என்று சொல்கிறவர்கள் வேறு பக்கம் சறுக்குகிறார்கள். வல்லுநர் என்றதும் வருகிறவர் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார். அப்புறம் 'ஆய்வு'. அமைச்சர் மருத்துவமனையில் ஆய்வு, ஆட்சியர் அணையில் ஆய்வு என்று செய்தித்தாள்கள் அதை அதிகாரியின் சொல்லாக்கிவிட்டன. இரண்டும் சேர்ந்தால் இன்ஸ்பெக்‌ஷன்தான். ஆசிரியர் அறையில் அப்படித்தானே சொல்கிறார்கள்! வெள்ளையடிப்பும் வரவேற்புப் பதாகையும் அதனால்தான். அம்பயர் என்ற சொல்லும் இதே 'பார்' குடும்பம்தான். பழைய பிரெஞ்சில் 'நிகரல்லாதவர்', இருவருக்கும் வெளியே நிற்கும் மூன்றாம் ஆள். பியரை வல்லுநர் ஆக்குவது அவரை அம்பயர் ஆக்குவதற்குச் சமம்.

என் ஓட்டு 'நிகரோர் மதிப்பாய்வு'க்கு. பண்டிதத் தமிழ் என்று முகம் சுளிப்பவர்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று நாள்தோறும் தடையில்லாமல் சொல்கிறவர்கள்தான். 'ஒத்தோர்' என்பதும் தவறில்லை, ஆனால் எதில் ஒத்தவர் என்ற கேள்வி தொங்குகிறது. ரிவியூவை 'மீளாய்வு' என்பதும் இங்கே சரிவராது. முன்பு ஒருமுறை ஆய்ந்ததை மறுபடி ஆய்வதாகத் தொனிக்கும்.

'நடத்துகிறது' என்பதையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. மதிப்பாய்வை நடத்துவது வருகிற குழு. கல்லூரி இடம் தருகிறது, கோப்புகளைத் திறந்து வைக்கிறது, மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் பேச விடுகிறது. கல்லூரியே நடத்தினால் அது தன்மதிப்பீடு. அதற்கு நாக் முறையில் தனி அறிக்கை உண்டு. ஆங்கிலத்தில் இப்படி இடம் தரும் கல்லூரியை ஹோஸ்ட் என்பார்கள். அதற்கு அகராதியின் முதல் வரியை எடுத்து 'விருந்தோம்பும் கல்லூரி' என்று எழுதினால், குழுவுக்குச் சாப்பாடு போடுவதுதான் வேலை என்று ஆகிவிடும். 'மதிப்பாய்வுக்கு உட்படும் கல்லூரி' என்று எழுத என்ன தயக்கம்?

'ஆதரவு' மட்டும் என்னவாம்? நாக் வகுத்த ஏழு அளவுகோல்களில் ஐந்தாவது மாணவரைப் பற்றியது: உதவித்தொகை, போட்டித் தேர்வுப் பயிற்சி, குறைதீர்ப்பு, வேலைவாய்ப்பு வழிகாட்டல். தமிழில் ஆதரவு என்றால் கட்சிகள் ஆட்சிக்குக் கொடுத்துத் திரும்பப் பெறுவது, இல்லாவிட்டால் ஆதரவற்றோர் இல்லத்துக்கு முன்னால் எழுதியிருப்பது. 'மாணவர் துணைத் திட்டம்' என்றால் போதும். "துணைத் திட்டம் என்றால் உபதிட்டம் என்று நினைப்பார்களே" என்பார்கள். அப்படியானால் 'மாணவர் நலத் திட்டம்' என்று எழுதுங்கள், யாருக்கும் விளங்கும்.