சோலினாய்டு வால்வு: கழற்றிப் பார்க்க வேண்டிய ஒரு சொல்

பல வீட்டு எஸ்பிரெசோ இயந்திரங்களில் காப்பி இறங்கி முடிந்து பொத்தானை அணைத்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். கூடவே கொஞ்சம் வெந்நீர் கீழ்த்தட்டில் பீய்ச்சும். என் இயந்திரத்தில் ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. காப்பி வழக்கம்போலத்தான் இறங்கியது. ஆனால் பிடியைத் திருப்பிக் கழற்றியபோது வடிகட்டிக் கிண்ணத்திலிருந்து சூடான தூளும் நீரும் வெடித்துச் சிதறின. விவரம் தெரிந்த மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் சொல்லிவைத்தாற்போல் "சோலினாய்டு போயிருக்கும்" என்றார்கள். சரி, சோலினாய்டு என்றால் எது? ஒருவர் காயில், அதாவது கம்பிச் சுருள், என்றார். இன்னொருவர் வால்வு முழுவதும் என்றார். மூன்றாமவர் உள்ளே ஏறி இறங்கும் இரும்புத் துண்டு என்றார்.

ஒரே சொல் மூன்று பொருளைச் சுமந்தால் எதை மாற்றுவது, எதைக் கழுவுவது என்று எப்படித் தெரியும்? அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அந்தச் சொல்லையே கழற்றிப் பார்த்தேன்.

சோலினாய்டு என்பது பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியர் 1820களில் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'சோலேன்' என்றால் குழாய், வாய்க்கால். 'எய்டோஸ்' என்றால் வடிவம். இரண்டும் சேர்ந்து 'குழாய் வடிவானது'. அவ்வளவுதான். சொல்லுக்குள் மின்சாரமும் இல்லை, காந்தமும் இல்லை, அசையும் இரும்பும் இல்லை. 1820இல் டேனிஷ் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பி பக்கத்திலிருக்கும் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டறிந்தார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போன ஆம்பியர், கம்பியை வளையம் வளையமாகச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் அந்தச் சுருள் ஒரு காந்தத் தண்டு மாதிரியே நடந்துகொள்ளும் என்று காட்டினார். சுற்றிய கம்பி பார்வைக்குக் குழாய்போல இருந்தது. பெயர் அந்தத் தோற்றத்தைப் பார்த்து வைத்தது.

இதற்குத் தமிழ்ப் பாடநூல்களில் உள்ள சொல் வரிச்சுருள். பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு 'நீண்ட வரிச்சுருளின் காந்தப்புலம்' என்ற தலைப்பு நினைவிருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் இது ஒன்று. வரி என்பதைக் கோடு என்று எடுத்தால், வரிவரியாகப் படிந்த சுருள். வரிதல் என்ற வினையை எடுத்தால் கட்டுதல். வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினான் என்கிறோமே, அந்த வரிதல். அப்படிப் பார்த்தால் இறுக்கிச் சுற்றிய சுருள். எரிந்துபோன ஒரு காயிலின் மேலுறையை அறுத்துப் பாருங்கள், இரண்டு பொருளும் கண்ணுக்குத் தெரியும். தலைமுடி போன்ற செம்புக் கம்பி வரி தப்பாமல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். கிரேக்கச் சொல் தூரத்திலிருந்து தெரியும் உருவத்தைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் கம்பி எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது.

ஆனால் பழுதுபார்க்கும் இடத்தில் சோலினாய்டு என்பது ஆம்பியர் சொன்ன பொருளிலிருந்து நகர்ந்துவிட்டது. அவருடையது வெறும் சுருள். பட்டறையில் சொல்வது சுருளும், அதன் நடுவே ஓர் உலோகக் குழலும், குழலுக்குள் ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும் இரும்புத் துண்டும் சேர்ந்த அமைப்பு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகி இரும்பை மேலே இழுக்கும். நின்றால் ஸ்பிரிங் கீழே தள்ளும். வரிச்சுருள் என்ற சொல்லை இந்த முழு அமைப்புக்கும் போர்த்தினால் பழைய குழப்பம் தமிழிலும் தொடரும். ஆகவே வரிச்சுருள் சுருளுக்கு மட்டும்.

இதைப் பிரித்துச் சொல்வதால் கைமேல் பலன் உண்டு. மாறுமின்னோட்டத்தில் ஓடும் சுருளை, இரும்புத் துண்டு உள்ளே இல்லாமல் தனியாகக் கழற்றி வைத்துச் சோதிக்க மின்சாரம் கொடுத்தால் அது சூடேறி எரிந்துவிடும். இரும்பு உள்ளே இருக்கும்போது சுருளின் தூண்டல், அதாவது மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை, மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. இரும்பை எடுத்துவிட்டால் தூண்டல் குறைந்து மின்னோட்டம் கூடிவிடும். 'சோலினாய்டைச் சோதித்துப் பார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், நல்ல சுருளை எரித்துவிட்டு வர வாய்ப்பு இருக்கிறது. செருகியைப் பிடுங்கி, சுருளின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்து மின்தடையை மட்டும் பார்க்க வேண்டும். தடை எல்லையில்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது.

இன்னொன்று. வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் உள்ள அதிர்வுப் பம்பும் இதே ஏற்பாடுதான். அங்கேயும் ஒரு சுருள், ஒரு ஸ்பிரிங், ஓர் இரும்பு பிஸ்டன். கூடவே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று இருப்பதால் மின்னோட்டத்தின் ஒரு பாதி அலை மட்டும் உள்ளே போகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை போய்வரும். காப்பி இறங்கும்போது கேட்கும் உறுமல் அதுதான். அதை யாரும் சோலினாய்டு என்று அழைப்பதில்லை, பம்பு என்கிறார்கள். செய்யும் வேலையை வைத்துப் பெயர் வந்திருக்கிறது. வால்வுக்கு மட்டும் ஏன் இயக்கும் பாகத்தின் பெயர் முன்னால் வந்து நின்றது?

வால்வுக்கு வருவோம். லத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. கதவிலிருந்து உடலுக்கும் இயந்திரத்துக்கும் போன சொல். சிப்பியின் இரண்டு ஓடுகளையும் அறிவியலில் வால்வு என்றே சொல்கிறார்கள். கதவு போலத் திறந்து மூடுவதால். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மணலுக்குள் செங்குத்தாகப் புதைந்து வாழும் நீண்ட சிப்பி ஒன்று இருக்கிறது. குழாய் மாதிரி இருப்பதால் கிரேக்கர்கள் அதையும் சோலேன் என்றே அழைத்தார்கள். இன்றும் அதன் பேரினப் பெயர் சோலேன்தான். ஆக சோலினாய்டின் வேர்ச்சொல், வால்வு என்ற இரண்டுமே அந்த ஒரே சிப்பியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, காப்பி இயந்திரம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னாலிருந்தே.

தமிழில் வால்வுக்கு இரண்டு சொற்களை அதிகமாகப் பார்க்கிறேன். அடைப்பிதழ் ஒன்று, ஓரதர் இன்னொன்று. அடைப்பிதழில் உள்ள இதழ் லத்தீன் கதவுப் பலகைக்குப் பக்கத்தில் வருகிறது. இதயத்தில் இருப்பதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே உண்மையாகவே இதழ்கள் இருக்கின்றன. மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு என்று பாடநூல்களும் எழுதுகின்றன.

ஓரதர்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். ஓர் + அதர். அதர் என்றால் வழி. பழைய சொல், 594ஆம் குறளில் ஆக்கம் 'அதர்வினாய்ச்' செல்லும் என்று வருகிறது, ஊக்கம் உடையவனிடம் செல்வம் தானே வழி கேட்டுக்கொண்டு போகுமாம். ஆக ஓரதர் என்றால் ஒரே வழி. ஒரு பக்கமாக மட்டும் போகவிட்டு மறுபக்கம் திரும்பவிடாத அமைப்புக்கு இதைவிடத் துல்லியமான பெயர் கிடைக்காது. எஸ்பிரெசோ இயந்திரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது: பம்புக்கும் பாய்லருக்கும் இடையில், சூடான நீர் பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் சின்ன வால்வு. அதை ஓரதர் என்று தயங்காமல் எழுதலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஓரதர் என்பதை எல்லா வால்வுக்கும் பொதுச் சொல்லாகப் போட்டுவிடுகிறார்கள். நம் சோலினாய்டு வால்வுக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. அதில் மூன்று வழிகள். ஒன்று பாய்லரிலிருந்து வருவது, ஒன்று காப்பித்தூள் இருக்கும் தலைப்பகுதிக்குப் போவது, மூன்றாவது கீழ்த்தட்டுக்கு இறங்குவது. பொத்தானைப் போட்டதும் இரும்பு மேலே எழும்பி மூன்றாவது வழியை அடைத்து, பாய்லரையும் தலைப்பகுதியையும் இணைக்கும். எஸ்பிரெசோ என்ற இத்தாலியச் சொல்லின் லத்தீன் வேருக்கே அழுத்திப் பிழிவது என்று பொருள். சுமார் 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கில், நீர் தூளுக்குள் நுழைகிறது. பொத்தானை அணைத்தால் இரும்பு கீழே விழுந்து பாய்லரை அடைத்துவிடும். அப்போது தலைப்பகுதியில் தேங்கிய அழுத்தம் மூன்றாவது வழியாகத் தட்டுக்கு ஓடும். அந்த 'புஸ்' இதுதான். என் கையைச் சுட்டது, இறங்க வழி கிடைக்காமல் தேங்கிய அழுத்தம்.

மூன்று வழியுள்ள ஒன்றை 'மூவழி ஓரதர்' என்று எழுதினால் மூன்று வழியுள்ள ஒருவழி என்றாகிவிடும். அப்படியானால் என்ன செய்யலாம்? ஓரதரை வெட்டியெறிய வேண்டாம், எண்ணை மட்டும் மாற்றினால் போதும். மூன்று + இதழ் மூவிதழ் ஆவதுபோல, மூன்று + அதர் மூவதர். நீரைத் திறந்து மூடும் சாதாரண இருமுனை வால்வு ஈரதர். திரும்பவிடாதது ஓரதர். பொதுப்பெயராக வால்வு என்றே இருக்கட்டும், அல்லது அடைப்பிதழ். தமிழ் இலக்கணத்துக்கு ஒத்து வருகிறது, சொல்லவும் எளிது. ஓரதரில் அதர் என்பது திசையையும், மற்ற இரண்டிலும் வாயையும் குறிக்கிறதே என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானதுதான். 'வழி' என்ற சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துவதுபோலத்தான் இதுவும் என்பது என் பதில்.

மூவதர் என்ற பெயர் வேலையைச் சொல்கிறது, இயக்கும் முறையைச் சொல்லவில்லை. அதுதான் சரி என்று எனக்கு உறுதியாகத் தோன்றக் காரணம் ஃபேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம். 1961இல் வந்தது, அந்த ஆண்டின் சூரிய கிரகணத்தை வைத்துப் பெயரிட்டார்கள். அதன் தலைப்பகுதியில் நெம்புகோலைத் தூக்கினால் காப்பி இறங்கும், கீழே முழுக்க இறக்கினால் அழுத்தம் வெளியேறும். அதே மூன்று வழி, அதே வேலை. ஆனால் சுருள் கிடையாது, கையால் இயக்குவது. இன்றும் அந்த வகைத் தலைப்பகுதி உள்ள இயந்திரங்கள் விற்பனையில் இருக்கின்றன. அதை சோலினாய்டு வால்வு என்று சொல்ல முடியாது, மூவதர் என்று சொல்லலாம். நம் இயந்திரத்தில் உள்ளது வரிச்சுருள் மூவதர்.

தேடும்போது கண்ணில் பட்ட இன்னொரு பழஞ்சொல் தூம்பு. அதற்கு உட்டுளையுள்ள குழாய் என்றும் பொருள், நீரைத் திறந்துவிடும் மதகு என்றும் பொருள். சோலேனும் வால்வும் ஒரே சொல்லில். கலைச்சொல்லாக இதையே எடுக்கலாமா என்று நிறைய நேரம் யோசித்தேன். ஆனால் பாகங்களைத் தனித்தனியாகப் பெயரிடத்தான் இந்த முயற்சி. மறுபடியும் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்.

அப்புறம் இயந்திரத்தைத் திறந்தேன். செருகியைப் பிடுங்கி, முழுவதும் ஆறவிட்டு, நீராவிக் குழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றிய பிறகுதான். மூவதரின் உச்சியில் உள்ள நட்டைக் கழற்றினால் வரிச்சுருள் தொப்பி மாதிரி மேலே வந்துவிடும். மின்தடை காட்டியது, சுருள் நலம். கீழே உள்ள பித்தளைக் குழலை ஸ்பேனரால் திருகி எடுத்ததும் ஸ்பிரிங்கோடு இரும்புத் துண்டு வந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசுப்பு. காப்பி எண்ணெயும் நுண்ணிய தூளும் சேர்ந்து இறுகி, நீர் தட்டுக்கு இறங்கும் வழியையே அடைத்திருந்தன. பித்தளையில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு வேறு. எண்ணெய்க்குக் காப்பி இயந்திரத்துக்கென்றே உள்ள கழுவுபொடி, சுண்ணாம்புக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல். நுண்துளையைப் பல்குச்சியால்தான் குத்த வேண்டும். ஊசியால் குத்தினால் ரப்பர் வந்து உட்காரும் விளிம்பில் கீறல் விழும், பிறகு எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த இரும்புத் துண்டுக்கு மட்டும் இன்னும் பெயர் சொல்லவில்லை. பிளஞ்சர் என்பார்கள். குழலுக்குள் நேராக ஏறி நேராக இறங்கும் ஒன்றுக்குத் தமிழில் உலக்கை இருக்கிறது. பிஸ்டனை முசலம் என்று எழுதுபவர்கள் உண்டு. முசலம் என்றாலும் உலக்கைதான். உலக்கையின் நுனியில் தேயாமலிருக்க மாட்டும் வளையத்துக்குப் பூண் என்று பெயர். இந்தச் சின்ன உலக்கைக்கும் பூண் உண்டு, ரப்பரில், இரண்டு முனையிலும். மேல்பூண் தட்டுக்குப் போகும் வழியை அடைக்கும், கீழ்ப்பூண் பாய்லரை அடைக்கும். என்னுடையதில் கீழ்ப்பூணில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. சத்தம் நிற்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அணைத்த பிறகும் தலைப்பகுதி சொட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். பூண் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. உலக்கையையே மாற்ற வேண்டியிருந்தது. வரிச்சுருளும் மூவதரின் உடலும் பழையவையே.