படியேறும் பிள்ளை ஏன் ஓடி ஓடி நிற்கிறது?

இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறுபவர்கள் 5,000க்கும் மேற்பட்ட படிகளில் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். உச்சி 2,243 மீட்டரில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மே வரையிலான யாத்திரைக் காலத்தில் சின்னப் பிள்ளைகளும் ஏறுவார்கள். பத்துப் படி ஓடும், நிற்கும், ஓரமாகக் குந்தும், மறுபடி ஓடும். பின்னால் மூச்சு வாங்கி வரும் அப்பா, "ஓடாம மெதுவா நட" என்பார். பிள்ளையின் தசைகளைக் கேட்டால் அந்த அறிவுரை தேவையில்லை.

தசைக்கு ஆற்றல் இரண்டு வழிகளில் வருகிறது. ஆக்சிஜனைக் கொண்டு நிதானமாக, நெடுநேரம் கிடைப்பது ஒன்று. ஆக்சிஜன் இல்லாமல் சட்டென்று கிடைத்து, சீக்கிரமே சோர்வையும் கூட்டி வருவது மற்றது. செங்குத்தான இடங்களில் பெரியவர்களின் உடல் இரண்டாவது வழியை அதிகம் நாடும். பருவமடையாத பிள்ளைகளோ பெரும்பாலும் முதல் வழியிலேயே சமாளிக்கிறார்கள். செபாஸ்டியன் ராத்தெல், அந்தோனி பிளாசெவிச் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்கள், பயிற்சியில்லாத பெரியவர்கள், நெடுந்தூரப் போட்டி வீரர்கள் ஆகிய மூன்று தரப்பையும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சோர்வைத் தாங்குவதில் சிறுவர்கள் வீரர்களுக்கு இணையாக இருந்தார்கள். இதயத்துடிப்பு தணிவதிலும், ஆக்சிஜன் இல்லாத வழியில் உண்டாகி இரத்தத்தில் சேர்ந்த லாக்டேட் என்ற பொருள் நீங்குவதிலும் வீரர்களையே முந்தினார்கள். ஆக, பிள்ளை அரை நிமிடம் குந்துவது சோம்பல் இல்லை; அதற்குள் உடல் அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிவிடுகிறது.

ஆனால் எரிபொருள் கையிருப்பு குறைவு. 20 கிலோ எடையை 1,000 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 47 கிலோகலோரி போதும். தசை செலவிடுவதில் கால்வாசிதான் ஏற்றத்துக்குப் பயன்படும், மீதி வெப்பமாகப் போய்விடும் என்பதால், உண்மையான செலவு 190 கிலோகலோரியைத் தொடும். அதோடு சிறுவயதில் மூளையும் பெரும்பங்கு கேட்கும்: ஐந்து வயது வாக்கில், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. எனவே உச்சியில் போய்ச் சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. வழியிலேயே வாழைப்பழம், பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஏற்றத்தைவிடக் கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றித்தான். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6 டிகிரி அளவுக்குக் குறையும். சூரிய உதயத்துக்காக விடியும் முன்பே உச்சிக்குப் போய், வியர்த்த சட்டையோடு காற்றில் காத்திருப்பவர்கள் ஏராளம். பானைத் தண்ணீரைவிடக் குவளைத் தண்ணீர் சீக்கிரம் ஆறுவது போல, எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகமுள்ள சிறிய உடல் வேகமாக வெப்பத்தை இழக்கும். தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சுமப்பவருக்கு வியர்த்து ஊற்றும். முதுகில் இருக்கும் பிள்ளையோ தசையை அசைக்காததால் அதிக வெப்பத்தை உண்டாக்காது. தனக்கு வியர்க்கிறது என்பதற்காக அதன் ஸ்வெட்டரைக் கழற்றிவிடும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். உச்சியை நெருங்கும்போதே உலர்ந்த உடைக்கு மாற்றிவிடுவது நல்லது. ஓய்வுக்குப் பிறகும் ஓடாமல், பேச்சும் குறைந்து, உடல் நடுங்கினால் அது வெறும் களைப்பு இல்லை. போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, உடனே இறங்கத் தொடங்க வேண்டும்.

இறங்கும்போது பெரியவர்களின் தொடை நடுங்கும். ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலுக்குத் தடை போடுவதால், தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகி மறுநாள் வலி கூடும். பிள்ளைகளுக்கு இந்த வலி பொதுவாகக் குறைவு. அவர்களுக்குச் சிக்கல் படியின் உயரம்: 20 சென்டிமீட்டர் படி ஆறு வயதுப் பிள்ளையின் காலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இறங்குவது அவர்களுக்குக் கிட்டத்தட்டக் குதிப்பதுதான். அதனால் பெரியவர் பின்னால் வருவதைவிட, பிள்ளைக்கு ஒரு படி கீழே முன்னால் இறங்குவதே சரி.