த்ராஷ்: குப்பை அல்ல, கதிரடி

மெட்டாலிக்காவின் புகழ்பெற்ற பாடல்களைப் பற்றிய ஒரு கட்டுரை பிழை திருத்த வந்தது. ‘அமெரிக்காவின் மூத்த குப்பை உலோக இசைக்குழு’ என்று தொடங்கியிருந்தது. ‘த்ராஷ் மெட்டல்’ என்ற வேகமான, முரட்டு ராக் இசைவகையைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார். சிரிப்பு வந்தது. ஆனால் எழுதியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. த்ராஷுக்கும் ட்ராஷுக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு. தமிழில் பலர் இரண்டையும் ‘ட்ராஷ்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அகராதியைப் புரட்டினால் குப்பைதான் கிடைக்கும்.

ட்ராஷ் வேறு வழியில் வந்த சொல். ஸ்காண்டிநேவிய மொழிகளில் உதிர்ந்த இலை, சுள்ளியைக் குறித்த சொற்களோடு அதற்கு உறவு சொல்கிறார்கள். அதை இங்கேயே விட்டுவிடலாம். நம் சொல் த்ராஷ்.

இன்றைய ஆங்கிலத்தில் த்ராஷ் என்றால் விளாசுவது, புரட்டி எடுப்பது, கை காலைப் போட்டு உதறுவது. ஆனால் அது பிறந்த இடம் களத்துமேடு. கதிரடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘த்ரெஷ்’ என்பார்கள். அதே சொல்லின் வட்டார வடிவம்தான் த்ராஷ். உயிரொலி மாறியதும் இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன: தானியத்தை அடித்தால் த்ரெஷ், ஆளை அடித்தால் த்ராஷ்.

இன்னும் பின்னே போனால் சுவாரசியம் கூடுகிறது. ஜெர்மானிய மொழிகளின் மூலச்சொல்லுக்கு முதற்பொருள் அடிப்பது அல்ல, மிதிப்பது. அதுவும் சத்தம் வர மிதிப்பது. மனிதர்களும் மாடுகளும் கதிரை மிதித்துத் தானியம் பிரித்த காலத்துச் சொல் அது. தோல்வாரால் பிணைத்த இரட்டைக் கோல் வந்த பிறகு மிதி அடியாக மாறியது. அதே வேர் இத்தாலிய மொழிக்குள் போய் ‘துள்ளி ஆடுதல்’ என்று பொருள் கொண்டது. மேடைக்கு முன்னால் முட்டி மோதிக் குதிக்கும் இன்றைய ரசிகர்களைப் பார்த்தால் வேர்ச்சொல்லை யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிறது.

சரி, இது இசைக்கு எப்படி வந்தது? மெட்டாலிக்கா 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. முதல் ஆல்பம் 1983இல் வந்தது. அதிலுள்ள ‘விப்லாஷ்’ பாட்டின் பல்லவியிலேயே த்ராஷ் என்ற வினை இருக்கிறது. ஆனால் இசைவகைக்கு அப்போது அந்தப் பெயர் இல்லை. 1984இல் ‘கெராங்’ என்ற பிரிட்டன் இசை இதழில் மால்கம் டோம் என்ற பத்திரிகையாளர், நியூயார்க்கின் ஆந்த்ராக்ஸ் குழுவின் ‘மெட்டல் த்ராஷிங் மேட்’ பாட்டைப் பற்றி எழுதும்போது ‘த்ராஷ் மெட்டல்’ என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. மெட்டாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நான்கையும் இன்று அந்த வகையின் நான்கு தூண்களாகச் சொல்கிறார்கள்.

விப்லாஷ் என்றால் சாட்டையின் வீச்சு. கழுத்து சட்டென்று முன்னும் பின்னும் வெட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வதற்கும் அதே பெயர். தலையை ஆட்டி ஆட்டிக் கச்சேரி கேட்டவர்களுக்கு மறுநாள் காலையில் இரண்டாவது பொருள் விளங்கும்.

1986இல் வந்த மெட்டாலிக்காவின் மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பேட்டரி’. டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரி இல்லை. ஆங்கிலச் சட்டத்தில் ஒருவரை அடிப்பது பேட்டரி. ‘அடி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அந்தப் பெயர் போய், அங்கிருந்துதான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் இன்றும் டிரம்ஸ் தொகுதிக்கு அதே பெயர்தான். இன்னொன்று: கதிரடிக்கும் இயந்திரத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சுற்றிச் சுற்றிக் களத்துமேட்டுக்கே வந்துவிடுகிறோம்.

பெயர் மட்டுமல்ல, வாசிப்பும் அடிதான். அதே ஆல்பத்தின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டில், குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையைக் கவனியுங்கள். அவ்வளவு வேகத்தில் மற்றவர்கள் தந்தியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மீட்டுவார்கள்; அவர் கீழ்நோக்கியே அடிக்கிறார். நிமிடத்துக்கு 200 தாண்டிய தாளம், எட்டரை நிமிடப் பாட்டு. உள்ளங்கை ஓரம் தந்தியை அமுக்கியிருப்பதால் ஒலி நீளாமல் ‘தொப் தொப்’ என்று விழுகிறது. கதிர்க்கட்டைத் தலைக்குமேல் ஓங்கிக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டவர்களுக்கு இந்த ஒலி அந்நியமில்லை.

மிதியும் உண்டு. 1988 ஆல்பத்தில் வந்த ‘ஒன்’, போரில் கை கால் இழந்து, கண்ணும் காதும் போய்ப் படுக்கையில் கிடக்கும் சிப்பாயின் கதை. மெதுவாகத் தொடங்கும் பாட்டில், நான்கு நிமிடம் தாண்டியதும் டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச் இரண்டு கால்களாலும் பெரிய டிரம்மை மிதிக்க ஆரம்பிக்கிறார். இயந்திரத் துப்பாக்கி சுடுவது போலிருக்கும். மெட்டல் இசைக்கான கிராமி விருதை அது 1990இல் வாங்கிக்கொடுத்தது.

இனி தமிழ்ச்சொல். நேர்ப் பொருளில் முதலில் தோன்றுவது போரடித்தல். யானை கட்டிப் போரடித்த பெருமையெல்லாம் இருக்கிறது. ஆனால் ‘போரடி இசை’ என்று எழுதிப் பாருங்கள். கேட்டவர் கொட்டாவி விடுகிற இசை என்றுதான் நினைப்பார். ஆங்கிலத்து ‘போர்’ நம் களத்துப் போரை விழுங்கிவிட்டது. ஈழத்தில் சூடு மிதித்தல், சூடடித்தல் என்பார்கள். மிதிப்பொருள் அப்படியே உயிரோடிருக்கும் அருமையான சொல். ஆனால் தமிழகத்து வாசகருக்குச் சூடு என்றால் வெப்பம்தான் நினைவுக்கு வரும். ‘விளாசல்’ மோசமில்லை, கிரிக்கெட் வாடை வீசுகிறது. ‘அதிரடி’யோ ஆடித் தள்ளுபடிக்கு வாக்கப்பட்டுப் போன சொல்.

எனக்குப் பிடித்தது கதிரடி. கதிரடிக்கும் இயந்திரம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். பொருள் புரியும், வேர் தவறாது, காதில் அதிரடியின் எதிரொலியும் விழும். மெட்டலை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ‘உலோக இசை’ என்றால் ஜால்ராவும் சேகண்டியும்தான் எனக்குக் கேட்கின்றன.

ஆக, வரியை ‘அமெரிக்காவின் மூத்த கதிரடி மெட்டல் குழு’ என்று திருத்தினேன். கட்டுரையின் பின்பகுதியில் 1991 ஆல்பத்துப் பாட்டுகள் வந்தன. ‘என்டர் சேண்ட்மேன்’ பாட்டில் வேகம் பாதியாகியிருக்கும், அடி மட்டும் மிச்சம். அடைமொழியை அரை மனதோடு விட்டுவைத்தேன். ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பக்கத்தில் மட்டும் அடித்துவிட்டேன். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் ஹெட்ஃபீல்ட் விரல் நுனியால் தந்தியை வருடுகிறார்.