யூரியாவை நீரில் வீசாமல் சேற்றில் புதைப்போம்

சிறுபோகத்தில் கச்சான் எனும் வறண்ட தென்மேல் காற்று வீசும் நாட்களில், திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்க வயல்களில் நீர் தேங்கி நிற்கும்போதே யூரியாவைக் கையால் வீசும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அப்படி வீசப்படும் யூரியாவிலுள்ள நைதரசனில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவான பங்கே நெல்லுக்குச் சேர்கிறது என்பதை, விவசாயப் போதனாசிரியர் என்ற முறையில் கமக்காரர்களிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லி வருகிறேன். 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட போது அல்லற்பட்டவர்களுக்கு ஒரு மூடை யூரியாவின் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

நீரில் விழுந்த யூரியா சில நாட்களில் அமோனியமாக மாறுகிறது. வயல் நீரில் வளரும் பாசி பகல் வெயிலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை உயர்கிறது. அப்போது அமோனியா வாயுவாகி வெளியேறும், வெப்பமும் கச்சானும் சேர்ந்தால் அந்த இழப்பு இன்னும் விரைவாகும். எஞ்சியதிலும் ஒரு பகுதி வீணாகிறது. அதை அறிய, நீர் நிற்கும் வயலில் மண்வெட்டியால் சேற்றை ஒரு துண்டாக வெட்டியெடுத்துப் பாருங்கள்: மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் பழுப்பு நிறப் படையும், அதன் கீழே நீலச்சாம்பல் நிறச் சேறும் இருக்கும். ஒட்சிசன் உள்ள மேற்படையில் அமோனியம் நைத்திரேற்றாக மாறி, கீழே இறங்கியதும் நைதரசன் வாயுவாகிப் போய்விடுகிறது. ஆனால் யூரியாவை நேரடியாகவே அந்தச் சாம்பல் நிறச் சேற்றுக்குள், 7 முதல் 10 சென்றிமீற்றர் ஆழத்தில் வைத்துவிட்டால், அது அமோனியமாகவே நின்று, களித்துணிக்கைகளால் பிடித்துவைக்கப்பட்டு, வேர் வந்து எடுக்கும்வரை காத்திருக்கும்.

பங்களாதேசத்தில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் முறையும் இதுவே. சாதாரண யூரியாவை அழுத்தி 1.8 அல்லது 2.7 கிராம் கட்டிகளாக்கி, 20 சென்றிமீற்றர் இடைவெளியில் வரிசையாக நட்ட வயலில், நடுகை செய்து 7 முதல் 10 நாட்களுக்குள், நான்கு நாற்றுகளுக்கு நடுவே ஒன்றாகப் புதைக்கிறார்கள். 1.8 கிராம் கட்டியெனில் ஏக்கருக்கு ஏறத்தாழ 45 கிலோகிராம், அதாவது ஒரு மூடைக்கும் சற்றுக் குறைவு. அங்கே யூரியாத் தேவை மூன்றிலொரு பங்களவு குறைந்திருக்கிறது. கட்டி கிடைக்காத இடத்தில் யூரியாவைக் களிமண் உருண்டைக்குள் வைத்துப் புதைக்கும் பழைய வழியும் உண்டு. எப்படிச் செய்தாலும் விரலை எடுத்ததும் குழியைச் சேற்றால் மூடிவிட வேண்டும். திறந்து விட்டால் யூரியா கரைந்து மீண்டும் மேல்நீருக்கே வந்துவிடும். புதைத்த இடத்தை மிதித்துக் குழப்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்தில் பெரும்பாலானோர் வீசி விதைப்பதால் வரிசையே இராது என்பது உண்மையான தடை. ஏக்கருக்கு 25,000 இடங்களுக்கு மேல் குனிந்து புதைப்பதும் இலேசான வேலையன்று. ஆகவே முதலில் நடுகை செய்த ஒரு சிறு பாத்தியில் செய்து பார்ப்பதே என் ஆலோசனை. வீசி விதைப்பவர்கள், விதைப்புக்கு முன் இடும் அடிக்கட்டுப் பசளையைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிடலாம். பயிர் வளரும்போது இடும் மேற்கட்டு யூரியாவை, நீரை வடித்து ஈரச்சேற்றில் இட்டு, பின்னர் நீர் பாய்ச்சினால் அது மண்ணுக்குள் இறங்கும்.

பொசுபரசு மண்ணில் அசையாமல் இட்ட இடத்திலேயே தங்குவது. எனவே சோளத்துக்கும் மிளகாய்க்கும் பொசுபரசுப் பசளையான முச்சுப்பர் பொசுபேற்றை (TSP) மேலே தூவுவதைவிட, விதைக்குப் பக்கவாட்டில் 5 சென்றிமீற்றர் தள்ளி, அதற்கும் 5 சென்றிமீற்றர் கீழே, கோடாக இடுவது சிறந்தது. விதையைத் தொடும்படி இட்டால் முளை கருகக்கூடும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலங்களில் வெங்காயம் செய்பவர்கள் யூரியாவை ஆழப் புதைப்பதைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். வெங்காய வேர் மேலோட்டமானது. மணலோ எதையும் பிடித்துவைக்காது, பசளை நேரே நிலத்தடி நீருக்கே போகும். தோட்டத்துக்கு இறைக்கும் கிணற்றிலேயே பிள்ளைகளுக்குக் குடிநீரும் அள்ளப்படுகிறது. அந்த மண்ணுக்கு மாட்டெருவை முதலில் கலந்து, யூரியாவைச் சிறு சிறு அளவாகப் பல தடவை இட்டு, ஒவ்வொரு தடவையும் மிதமாக நீர் பாய்ச்சுவதே பொருத்தமானது.