கணையத்தில் சீழ் பிடித்த பிறகும் கத்தி ஏன் காத்திருக்கிறது?

காசிமேட்டில் மத்தி வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வயிற்றையும் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள். ஐஸ் போதாமல் கிடந்த மத்தி என்றால் வயிறு கொழகொழத்து வெடித்திருக்கும். அதைக் கரைப்பது பெரும்பாலும் மீனின் சொந்தச் செரிமான நொதிகள்தான். செத்த மீனுக்கு நடக்கும் இந்தக் காரியம் உயிரோடிருக்கும் மனிதருக்கும் நடக்கலாம். அதுதான் தீவிர கணைய அழற்சி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் உறுப்பு. புரதத்தை உடைக்கும் டிரிப்சினை அது தூங்கும் நிலையில்தான் தயாரித்து அனுப்புகிறது. சிறுகுடலுக்குப் போன பிறகே அது விழிக்க வேண்டும். பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலோ, குடி கணைய செல்களைக் கெடுத்தாலோ உள்ளேயே விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னைத்தானே செரிக்கிறது என்று நோயியல் நிபுணர் ஹான்ஸ் கியாரி 1896இலேயே சொல்லிவிட்டார்.

பத்தில் எட்டுப் பேருக்கு இது சில நாளில் அடங்கிவிடும். மற்றவர்களில் பலருக்குக் கணையத்தின் ஒரு பகுதியோ சுற்றியுள்ள கொழுப்போ செத்துப்போகிறது. அப்புறம்தான் கிருமி வருகிறது, அதுவும் பெரும்பாலும் நோயாளியின் குடலிலிருந்தே. நோயின் அதிர்ச்சியில் குடல்சுவர் தளர, ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை செத்த திசுவில் குடியேறுகின்றன. இறங்கியிருந்த காய்ச்சல் திரும்ப ஏறும். சி.டி. ஸ்கேனில் அந்த இடத்தில் காற்றுக் குமிழிகள் தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ, ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “சீழ்னு தெரிஞ்சுபோச்சு, இன்னும் ஏன் சார் ஆபரேஷன் பண்ணல?”

நியாயமான கேள்வி. ஆனால் பாதி வெந்த இட்லியைத் துணியிலிருந்து எடுத்துப் பாருங்கள், பிய்ந்துகொண்டுதான் வரும். முதல் வாரங்களில் செத்த திசுவும் உயிருள்ள திசுவும் அப்படித்தான் ஒட்டிக் கிடக்கும். கை வைத்தால் ரத்தம் கொட்டும். சுமார் நான்கு வாரம் போனால் உடலே அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிப் பை போல ஆக்கிவிடும். அப்போது செத்ததை மட்டும் பிரித்தெடுப்பது எளிது.

அதுவரை சும்மா இருப்பதில்லை. மெரோபெனம் போன்ற ஆன்டிபயாடிக் ஏறும். மருந்து ரத்தத்தில்தான் போகும், செத்த திசுவுக்கோ ரத்தமே போகாது. குழாய் போடாத தெருவில் மெட்ரோ தண்ணீருக்குக் காத்திருப்பதைப் போல. இருந்தும் கிருமி உடலெங்கும் பரவாமல் அது தடுக்கிறது. 2021இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், சீழை வடிக்கக் குழாய் போடுவதைத் தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக்கிலேயே தேறினார்கள். நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: இந்த வகை மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்.-1 நொதி கொண்ட கிருமிகளைப் பற்றிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில், சென்னையில் கிடைத்தவை மட்டும் 44. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனையின் முடிவைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டியிருப்பது அதனால்தான்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவும் கொடுப்பார்கள். கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று பட்டினி போட்ட காலம் போய்விட்டது. பட்டினி கிடக்கும் குடல்தான் கிருமியை எளிதில் கசியவிடுகிறது.

நோயாளி தேறவில்லை, அல்லது நிலைமை மோசமாகிறது என்றால் முதலில் விலாப் பக்கமாக ஒரு குழாய், சீழை வடிக்க. 2010இல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வு 88 பேரை இரண்டாகப் பிரித்தது. வயிற்றைத் திறந்து சுத்தம் செய்த பிரிவில் பெரிய சிக்கலோ மரணமோ 69 சதவீதம். குழாயில் தொடங்கிப் படிப்படியாகப் போன பிரிவில் 40. அந்த இரண்டாம் பிரிவில் 35 சதவீதம் பேருக்குக் குழாயே போதுமானதாக இருந்தது.

போதாதவர்களில் பலருக்கு இப்போது எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த வளையும் குழாய் வாய் வழியாக இரைப்பைக்குள் போகிறது. இரைப்பைச் சுவரில் ஒரு துளை போட்டு, அது மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு உலோகக் குழாய் வைத்து, பின்னால் இருக்கும் அந்தப் பைக்குள்ளேயே நுழைந்து, செத்த திசுவைத் துண்டு துண்டாக இழுத்தெடுக்கிறார்கள். ஒரே நாளில் முடியாது, பல தவணை ஆகும். “ஏன் ஆபரேஷன் பண்ணல” என்று கேட்டவர் வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது நோயாளியின் வயிற்றில் ஒரு தையல்கூட இல்லாமல் போகலாம்.